இரவல் அறை

மாமி எங்கள் விடுதி அறைக்குள் வந்தால் முதலில் எங்களைப் பார்க்கமாட்டார். நேரே கதிரைக்குப் போவார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அதன் பிரம்புப் பின்னலில் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார்.

"கதிரை குளிருது. ஒருதரும் இருக்கேல்லைப் போல."

"காலமை முழுக்க லெக்சர் மாமி. இப்பதான் வந்தனாங்கள்."

"நாலு பேர் இருக்கிறியள். நாலு பேருக்கும் ஒரே நேரத்திலயோ லெக்சர்?"

உண்மையில் நாங்கள் நாலு பேரும் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்போம். மாமி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தானே கதிரையில் இருப்பார். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் வைத்து, அது சூடேறும்வரைக்கும் இருந்துவிட்டு எழும்புவார். பிறகுதான் கொண்டுவந்த பையைத் திறந்து பனங்கிழங்குப் புழுக்கொடியலை எடுத்துத் தருவார். அதில் பாதி எங்களுக்கு, பாதி விடுதி வாசலில் இருக்கும் காவல்கார அம்மாவுக்கு. அந்தப் புழுக்கொடியலால்தான் பார்வையாளர் அறையோடு நிற்கவேண்டிய மாமி மாடிவரைக்கும் ஏறி வந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். வோர்டனுக்கும் தெரிந்திருக்கும்.

மாமி எனக்குச் சொந்த மாமி இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் 'திறப்பு மாமி'. அவருடைய சொந்தப் பெயரை நான் மரண அறிவித்தலில்தான் முதன்முதலில் வாசித்தேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

புங்குடுதீவில் ஆட்களைவிட வீடுகள் கூட. எங்கள் மடத்துவெளிப் பக்கம் ஒழுங்கைக்குள் நடந்தால் ஒரு வீட்டில் அடுப்புப் புகையும், அதைத் தாண்டினால் வரிசையாய்ப் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் போன நாட்டின் பெயர்தான் வீட்டுக்கும் பெயர். கனடா வீடு, சுவிஸ் வீடு, லண்டன் வீடு, பிரான்ஸ் வீடு. இந்த வீடுகளின் திறப்பெல்லாம் மாமியின் இடுப்பில் இருந்தன. ஒரு கறுப்பு நாடாவில் கோத்துக் கொசுவத்துக்குள் செருகியிருப்பார். அவர் வருவதை முதலில் திறப்புச் சத்தம்தான் சொல்லும்.

வீட்டுக்காரர் அவரிடம் கேட்டது முற்றத்தைக் கூட்டி, வெள்ளிக்கிழமையில் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கச் சொல்லித்தான். மாமி அதோடு நிற்கவில்லை. யன்னல்களைத் திறப்பார். கிணற்றில் இரண்டு வாளி அள்ளி மரத்துக்கு ஊற்றுவார். கேட்டால், "இறைச்ச கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்" என்பார். அலுமாரிக் கதவைத் திறந்து மூடுவார். சாப்பாட்டு மேசையில் கோப்பைகளை வைத்து, ஒருவரும் சாப்பிடாத கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பார். ஒவ்வொரு கதிரையிலும் கொஞ்ச நேரம் இருப்பார். ஒவ்வொரு கட்டிலிலும் கொஞ்ச நேரம் படுப்பார்.

நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் கொய்யாப்பழம் கேட்டுச் சுவிஸ் வீட்டுக்குள் போனேன். பெரிய அறையில், பெரிய கட்டிலின் ஓரத்தில், மாமி நிமிர்ந்து கிடந்தார். கை இரண்டும் நெஞ்சில். கண் திறந்திருந்தது. மெத்தையில் ஊத்தை படக்கூடாது என்று கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்தார். நான் பயந்து கத்திவிட்டேன்.

"என்ன மாமி செய்யிறியள்?"

"ஆள் படுக்காட்டில் கட்டில் தன்ர வேலையை மறந்திடும் பிள்ளை. ஞாபகப்படுத்திறன்," என்றார். சொல்லிவிட்டு எழும்பி விரிப்பைத் தடவிச் சுருக்கம் எடுத்தார்.

ஊரில் சிலர் அவரை விசரி என்றார்கள். என் அம்மாவும் கோபம் வந்தால் அப்படித்தான் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டில் எந்தச் சாமான் உடைந்தாலும் மாமியிடம்தான் கொண்டுபோவார். மாமியின் வேதம் ஒரே வரிதான். "புழங்கினால்தான் சாமான்." எதற்கும் அதையே சொல்வார். குடைக்கும் சொல்வார், கிணற்றுக்கும் சொல்வார், பாவாடைக்கும் சொல்வார்.

நான் சோதனை பாஸாகிக் கம்பசுக்கு எடுபட்டேன். யாழ்ப்பாணத்தில் விடுதி கிடைத்தது. மூன்று கட்டில் போடக்கூடிய அறைக்குள் நாலு பேரை விட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் வான் பிடித்து வந்து இறக்கினார்கள். மின்விசிறி, பிளாஸ்ரிக் இழுப்பறை, மடிக்கிற மேசை என்று ஒவ்வொன்றாய் இறங்கியது. நான் பஸ்ஸில் ஒரு வாளியோடும் ஒரு பாயோடும் ஒரு தலையணையோடும் வந்து இறங்கினேன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது, அம்மா பனை ஓலை வேலை. எங்களால் ஏலுமானது அவ்வளவுதான். நான் கடைசியாய் வந்ததால் எனக்குக் கட்டில் இல்லை. "கட்டில் வரும், இப்போதைக்குப் பாயில் படும்" என்று வோர்டன் சொன்னார். அந்தக் கட்டில் நான் படித்து முடிக்கும்வரை வரவில்லை.

நான் நிலத்தில் படுக்கிற செய்தி அம்மா வழியாக ஊருக்குப் போனது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாமி குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்குக் கட்டில். இரண்டு நீளச் சட்டம், குறுக்குக் கால், நடுவில் தடித்த சாக்குத்துணி. மடித்தால் ஒரு ஆள் தூக்கலாம். பஸ்ஸில் கண்டக்டர் "மாமி, கட்டிலுக்கும் ரிக்கற் எடுக்கவேணும்" என்றாராம்.

"படுத்துக்கொண்டு வந்தால் எடுக்கிறன் தம்பி. அது நிண்டுகொண்டுதானே வருது எண்டு சொன்னனான்," என்று மாமி கட்டிலை விரித்துக்கொண்டே சொன்னார்.

"இது ஆற்றை வீட்டுக் கட்டில் மாமி?"

"அது தூரத்து வீடு," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரவுக்கும் ஒரு சாமான் வந்தது. கனடா வீட்டிலிருந்து அந்தப் பிரம்புக் கதிரை. சுவிஸ் வீட்டிலிருந்து நிலைக்கண்ணாடி. லண்டன் வீட்டு யன்னல் சீலை. பிரான்ஸ் வீட்டிலிருந்து புத்தகம் வைக்க ஒரு றங்குப்பெட்டி. எங்கள் அறைப் பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடியாய்ப் போனது. அதிலும் வவுனியாவிலிருந்து வந்த சர்மிலா வாய்க்காரி. "சுவிசைப் பாத்துத் தலை இழு", "கனடாவில துவாயைப் போடாதை, மாமி வந்தால் பேசுவா" என்பாள். சாக்குக் கட்டிலுக்கு நாடு தெரியாததால் தூரத்து வீடு என்ற ஒரே துப்பை வைத்து 'அவுஸ்திரேலியா' என்று பெயர் வைத்தாள். "நித்திரை வருதோ? போய் அவுஸ்திரேலியாவில கிட" என்று என்னைத் துரத்துவாள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போன ஒரு நாள் மாமியை வைத்துக்கொண்டே சொன்னார். "இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிஞ்ச கதையாப் போகப்போகுது. அவையளுக்குத் தெரிஞ்சால் உங்கட இடுப்பில உள்ள திறப்பெல்லாம் போகும். பேரும் போகும். உங்களுக்கு அதைவிட்டால் என்ன கிடக்கு?"

மாமி ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "கறையானுக்குக் குடுக்கிறதைப் பிள்ளைக்குக் குடுக்கிறன். அவை வரேக்குள்ள எல்லாம் இருந்த இடத்தில இருக்கும்."

"ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு எடுக்கலாம்தானே மாமி?" என்று நான் கேட்டேன். எனக்கும் உள்ளூரப் பயம் இருந்தது.

"கேட்டால் ஓம் எண்டுவினம். நல்ல மனிசர்தான். பேந்து உன்னையும் கொம்மாவையும் கதிரையோட நிப்பாட்டிப் படம் எடுத்து, உதவி செய்தனாங்கள் எண்டு போடுவினம். நீ படிக்கிற பிள்ளை. உனக்கு ஏன் அது?"

அம்மாவும் ஒரு ஓலையை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார். அப்படிப் படம் எடுக்க எங்கள் வீட்டு வாசலிலும் ஒருமுறை வந்திருக்கிறார்கள், அம்மா கையில் ஒரு நிவாரணப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அறையை ஒழுங்குபடுத்துவதில் மாமிக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. எந்தச் சாமானும் சுவரைத் தொடக்கூடாது. சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் ஒரு கை போகவேண்டும். றங்குப்பெட்டியை இரண்டு செங்கல்லுக்கு மேல்தான் வைக்கலாம். மரக்கால்களில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கவேண்டும். இதனால் எங்கள் அறையில் எல்லாமே நடுவுக்கு வந்து நின்றன, நடக்க இடமில்லை. "இஞ்ச கறையான் இல்லை மாமி, மாடி" என்று சர்மிலா கெஞ்சினாள். "கறையானுக்கு மாடி ஏறத் தெரியாதெண்டு ஆர் சொன்னது?" என்றார் மாமி. மாமி போனதும் நாங்கள் எல்லாவற்றையும் சுவரோடு தள்ளிவிடுவோம். அவர் வருகிறார் என்று வாசலில் இருந்து செய்தி வந்தால் ஓடி ஓடி இழுத்து நடுவில் வைப்போம். கதிரையில் யாராவது ஒருத்தி பாய்ந்து இருந்து சூடாக்கவேண்டும்.

ஒருநாள் மாமி போனபிறகு சர்மிலா மெதுவாய்ச் சொன்னாள். "பாவம், அவவுக்கு ஒரு மகள் இருந்து சண்டையில செத்திருக்கும். அதுதான் உனக்குச் செய்யிறா." மற்ற இரண்டு பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து மாமி கலியாணமே செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் சொன்னது மனதில் உழன்றுகொண்டு இருந்ததால் அடுத்தமுறை கேட்டுவிட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை பிள்ளை. எனக்கு ஒருதரும் சாகேல்லை," என்றார் மாமி. "இருந்தால்தானே சாகிறதுக்கு." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. யன்னல் சீலையில் அறுந்த நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். 

கோயில் கொடியேறும் காலம் வந்தால் வெளிநாட்டுக்காரர் வருவார்கள். அதற்கு முதல் மாமி வந்து கதிரையையும் கண்ணாடியையும் சீலையையும் பெட்டியையும் கொண்டுபோய்விடுவார். நானும் தூக்கிக்கொண்டு போவேன். சாமான் இருந்த இடத்தில் இருக்கும், தூசுகூடத் துடைத்திருக்கும். எங்கள் அறை மொட்டையாய்க் கிடக்கும். அவுஸ்திரேலியா மட்டும் போகாது.

"அவுஸ்திரேலியாக்காரர் வாறதில்லையோ மாமி?" என்று சர்மிலா ஒருமுறை கேட்டாள்.

"அவை வரமாட்டினம்," என்றார் மாமி.

திருவிழா முடிந்து அவர்கள் விமானம் ஏறியதும் எல்லாம் திரும்பி வரும். கூடவே அவர்கள் மாமிக்குக் கொடுத்த சொக்கிலேற்றும் எங்களுக்கு வரும். "கனடாக்காரர் வந்து கதிரையில இருந்தவையோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை. பிளாஸ்ரிக் கதிரை வாங்கி முற்றத்தில போட்டு இருந்தவை. உள்ளுக்கு வெக்கையாம்."

அந்தக் கதிரையின் வலது கையில் வட்டமாய் ஒரு சூட்டுக் குறி உண்டு. கனடா வீட்டுப் பெரியவர் சுருட்டைப் பற்றவைத்து அந்த இடத்தில் வைத்துவிட்டுக் கதைப்பாராம். வைத்து வைத்து மரம் கருகிக் குழி விழுந்துவிட்டது. எங்கள் அறையில் எல்லோருக்கும் படிக்கும்போது சுண்டுவிரலை அந்தக் குழிக்குள் வைக்கிற பழக்கம் வந்திருந்தது.

மூன்றாம் வருடம் சர்மிலாவின் பிறந்தநாள் வந்தது. அறையில் பலூன் கட்டினோம். அவள் கதிரையில் இருந்து, மடியில் கேக்கை வைத்து, ஒரு கையைக் கதிரைக் கையில் வைத்துச் சிரித்தாள். படத்தை எடுத்துப் போட்டாள். எங்கள் பெயர்களையும் சேர்த்துப் போட்டாள். எங்கள் ஊர் ஆட்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், ஊரில்தான் இல்லை. என் பெயரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படம் கனடா வீட்டு மூத்த மகளிடம் போய்ச் சேர்ந்தது. சர்மிலாவின் சுண்டுவிரல் எந்தக் குழிக்குள் இருந்தது என்று அவவுக்குத்தான் தெரியும். சின்ன வயதில் தகப்பனின் மடியில் இருந்து அவவும் அதே குழிக்குள் விரலை விட்டவ.

அவ என்னோடு கதைக்கவில்லை. மாமிக்குப் போன் எடுத்தா. என்ன நடந்தது என்று மாமியின் வாயால்தான் நான் கேட்டேன்.

"அது எங்கட கதிரையோ எண்டு கேட்டா. ஓம் எண்டனான். ஆர் குடுத்தது எண்டா. நான்தான் எடுத்தனான் எண்டனான். களவெண்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சொல்லாமல் எடுத்தால் களவுதானே பிள்ளை."

"மாமி, கறையான் தின்னாமல் நீங்கள் பாத்தனீங்கள் எண்டு சொல்லியிருக்கலாமே. திரும்பிக் கொண்டுபோய் வைச்சனீங்கள் எண்டு சொல்லியிருக்கலாமே."

"அவ அழுதுகொண்டு கதைச்சவ. தேப்பன் இருந்த கதிரை. அழுறவவோட என்னண்டு நியாயம் கதைக்கிறது?"

மாமிக்கு இருந்த அந்தப் பெரிய மனது எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. தகப்பன் இருந்த கதிரையில் வேறு ஒருத்தி இருந்ததற்கு வந்த அழுகை, அதில் ஒருவருமே இல்லாமல் கிடந்ததற்கு வரவில்லையே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. சர்மிலா படத்தை அழித்துவிட்டாள். கனடாவுக்குத் தானே கதைத்து விளங்கப்படுத்துகிறேன் என்று அழுதாள். மாமி அவளுடைய தலையைத் தடவினார். "நீ என்ன செய்தனீ? பிறந்தநாளுக்குக் கதிரையில இருந்தனீ. கதிரை அதுக்குத்தான்."

மாமி அன்றைக்கு ஒரு ஓட்டோ பிடித்து வந்திருந்தார். திறப்பைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள், கொடுக்கமுதல் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிடவேண்டும் என்றார். கண்ணாடியைத் துடைத்துத் தன் பழைய சேலையால் சுற்றினார். சீலையை உதறி மடித்தார். என் புத்தகங்களை இறக்கி நிலத்தில் அடுக்கிவிட்டுப் பெட்டியை எடுத்தார். கதிரையைத் தூக்கமுதல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான் சாக்குக் கட்டிலையும் மடித்துக் கொண்டுபோய் ஓட்டோவில் சாய்த்தேன். மாமி அதைத் திருப்பி என் கையில் தந்தார்.

"உது கிடக்கட்டும்."

"அவையும் கேட்டால்?"

"அவை கேக்கமாட்டினம். நீ நிலத்தில படாதை, குளிர் பிடிக்கும்."

கனடாக்காரி வாங்கின திறப்பு வேலணையில் இருந்த ஒரு சொந்தக்காரப் பெடியனிடம் போனது. அவன் மோட்டார் சைக்கிளில் மாதம் ஒருமுறை வந்து வாசல் படலையைப் பார்த்துவிட்டுப் போவான். செய்தி போனில் ஓட, சுவிஸ்காரர், லண்டன்காரர், பிரான்ஸ்காரர் எல்லோரும் திறப்பை அவனிடமே கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மாமியின் இடுப்பில் கறுப்பு நாடா மட்டும் மிஞ்சியது. அதை அவர் கழற்றவில்லை. நடந்தால் சத்தம் இல்லாததால் மாமி வந்து நின்றதே தெரியாமல் அம்மா பலமுறை திடுக்கிட்டிருக்கிறார்.

திறப்புப் போனதைவிட மற்றதுதான் கொடுமை. மாமி கோயிலில் குத்துவிளக்கு மினுக்குகிறவர். முன்பு மினுக்கி அடுக்கிவிட்டுப் போவார், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது அவர் வைத்துவிட்டுப் போனதும் யாராவது ஒருவர் வந்து எண்ணுவார். ஒருநாள் மாமி மறந்துபோன துணியை எடுக்கத் திரும்பி வந்தபோது எண்ணிக்கொண்டு நின்றவரை நேரே கண்டுவிட்டார். "சரியா இருக்கோ அண்ணை?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு விளக்கு மினுக்கப் போகவில்லை. இதை எனக்குச் சொன்ன அம்மாதான் முதலில் பேர் போகும் என்று எச்சரித்தவர். சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது.

விடுதிக்கு மாமி அதற்குப் பிறகு ஒரேயொரு முறை வந்தார். கையில் ஒன்றும் இல்லை. அறைக்குள் வந்து நின்றவர், பழக்கத்தில் கதிரை நின்ற இடத்துக்குப் போனார். கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். நாங்கள் நாலு பேரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

கடைசிச் சோதனை முடிந்ததும் நான் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கண்டக்டர் ரிக்கற் கேட்கவில்லை. மாமியின் வீடு ஒழுங்கை முடிவில், தமையனின் காணியில் ஒரு மூலையில் இருந்தது. ஒரு அறை, ஒரு குசினி. அவ்வளவு காலமாய் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாரே தவிர நான் அவருடைய அறைக்குள் போனதில்லை. ஊர்த் திறப்பெல்லாம் வைத்திருந்தவரின் கதவுக்குப் பூட்டே இல்லை. தள்ளினேன், திறந்தது.

சிவப்புச் சீமெந்து நிலம். மூலையில் சுருட்டி வைத்த பாய். கொடியில் இரண்டு சேலை. வேறு ஒன்றும் இல்லை. மாமி குசினிக்குள் இருந்தார். கட்டிலை விரித்து வைக்க இடம் பார்த்தபோது நிலத்தில் நாலு தேய்மானங்களைக் கண்டேன். மரம் உரசி உரசிச் சீமெந்தில் விழுந்த பள்ளங்கள். கட்டிலை அதன்மேல் இறக்கினேன். நாலு காலும் நாலு பள்ளத்துக்குள்ளும் போய் இருந்தன.

மாமி கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மாமி, இது..."

"அவுஸ்திரேலியா தூரம்தானே பிள்ளை," என்றார். நாங்கள் வைத்த பகிடிப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் அழுதேன். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். ஊரில் எத்தனை கட்டில், ஒவ்வொன்றிலும் படுத்து எழும்புகிற ஆள் தன் வீட்டில் நிலத்திலா கிடப்பது என்று கத்தினேன். "அது அவையின்ர கட்டில். வேலைக்குப் படுக்கிறது வேற, நித்திரைக்குப் படுக்கிறது வேற," என்றார் மாமி. "சொல்லியிருந்தால் நீ படுத்திருப்பியோ?"

அடுத்து இறுப்பிட்டியில் ஒரு பிள்ளை கம்பசுக்கு எடுபடும் போலிருக்கிறது, அவளுக்கு உதவும், மடித்து வைப்போம் என்றார். நான் விடவில்லை. "என்ர கண்ணுக்கு முன்னால படுங்கோ, பாத்துப்போட்டுப் போறன்," என்று பிடிவாதம் பிடித்தேன். மாமி சிரித்துக்கொண்டு படுத்தார். ஓரத்தில், நிமிர்ந்து, கை இரண்டையும் நெஞ்சில் வைத்து, கால் இரண்டையும் வெளியே நீட்டி. தன் கட்டிலில் படுக்கிற விதமே அவருக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பிச் சாக்கின் சுருக்கத்தைத் தடவி எடுத்தார்.

நான் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விட்டேன். மாமி செத்துப்போனார் என்று அம்மா போன் எடுத்தபோது கோயில் திருவிழா முடிந்திருந்தது. நெஞ்சுநோ என்றார்கள். பாயில் கிடந்தபடி போயிருக்கிறார். கட்டில் சுவரைத் தொடாமல், மடித்தபடி, ஒரு செங்கல்லில் நின்றதாம். இறுப்பிட்டிப் பிள்ளைக்காக இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கட்டிலில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சவப்பெட்டி இன்னும் வரவில்லை. இருக்கக் கதிரை காணாமல் ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். செத்த வீடு என்றால் அயல் வீடுகளில் இருந்து கதிரை வரும். இங்கே அயல் எல்லாம் பூட்டிக் கிடந்தது.

கனடா வீட்டு மூத்த மகள் வந்தா. திருவிழாவுக்கு வந்து இன்னும் போகாமல் நின்றவ. அவ உண்மையாகவே அழுதா. "சின்னனில எங்களைத் தூக்கித் திரிஞ்சவ," என்று மாமியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதா. அதைப் பார்த்தபோது இவ்வளவு காலமும் நான் அவமேல் வைத்திருந்த கோபம் கொஞ்சம் இளகினது. பிறகு அவ குனிந்து கட்டில் சட்டத்தைப் பார்த்தா. பக்கத்தில் நின்ற திறப்புக்காரப் பெடியனைக் கூப்பிட்டு மெதுவாய்க் கேட்டா.

"தம்பி, எங்கட அப்பான்ர சாக்குக் கட்டில் மாதிரிக் கிடக்கு. ஆர் எடுத்துக் குடுத்தது?"

"எனக்குத் தெரியாது அக்கா. நான் வீட்டைத் திறக்கேல்லை."

மாமியின் தலைமாட்டில் நான்தான் இருந்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "அக்கா, இது ஒருதற்றை வீட்டுச் சாமானும் இல்லை. மாமியின்ர. இந்த ஊரில அவவுக்கெண்டு இருந்தது இதொண்டுதான். கம்பஸ் காலம் முழுக்க நான் இதில படுத்தனான். அவ நிலத்தில படுத்தவ."

தேவாரம் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கோயிலில் விளக்கு எண்ணினவரும் வாசலில் நின்றார். கனடாக்காரி என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தா. "எனக்குத் தெரியாது பிள்ளை," என்றா.

பெட்டி வந்தது. மாமியைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆம்பிளையள் கொண்டுபோனார்கள். ஒழுங்கை திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். "உந்தக் கட்டிலைத் தூக்கி வெளியில எறியுங்கோ" என்று யாரோ சொன்னார்கள்.

நான் உள்ளங்கையை விரித்துச் சாக்கின்மேல் வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. அதில் இருந்தேன்.

"எழும்பு பிள்ளை. செத்தவை கிடந்த கட்டிலில இருக்கக்கூடாது," என்றார் அம்மா.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா," என்றேன். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் வைத்து, அது சூடேறும்வரைக்கும் இருந்தேன்.